முறை அதேதான் என்றால் பொருள் எப்படி மாறியது? செப்புத் திருமேனிகளை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "சுவாமிமலையில் சோழர் காலத்து முறையிலேயே இன்றும் சிலை வார்க்கிறார்கள் என்கிறோம். ஆனால் அதே நடராசர் கோயிலில் சாமி, அருங்காட்சியகத்தில் கலைப்பொருள், ஜெனீவாவில் இயற்பியலுக்கு அடையாளம், வீட்டு வரவேற்பறையில் அலங்காரம். மரபு அப்படியே இருக்க, பொருள் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுமா?"

இரண்டுமே மாறியிருக்கின்றன, ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. மெழுகு, மண், உலோகம் எல்லாம் மெதுவாக மாறின. சிலை யாரிடம் போகிறது, போன இடத்தில் அதற்கு என்ன நடக்கிறது என்பது மிக வேகமாக மாறியது. ஒரு திருமேனியின் பொருள் பெரும்பாலும் அதற்கு நடக்கும் காரியங்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தோளில் தூக்கினார்களா, பாலும் சந்தனமும் ஊற்றினார்களா, மண்ணில் புதைத்தார்களா, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களா என்பதைப் பொறுத்து அது வேறு வேறு பொருளாகிறது. அந்தக் காரியங்களில் பல, வார்ப்பின் வடிவத்திலேயே தடம் பதித்திருக்கின்றன. எனவே செய்முறையிலிருந்து தொடங்குவதுதான் சரி. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவதுதான் அந்த முறை.

முதல் வேலை ஓலை. சிலை எவ்வளவு உயரமோ அந்த நீளத்துக்குத் தென்னை ஓலைக் கீற்று ஒன்றை நறுக்கி, அதை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார்கள். சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தச தாளம் என்ற அளவு முறை: மொத்த உயரம் 124 அங்குலம். உமை, திருமகள் போன்ற தேவியருக்கு மத்திம தச தாளம், 120. அதற்கடுத்த நிலைத் தெய்வங்களுக்கு அதம தச தாளம், 116. இந்த அங்குலம் கடை ஸ்கேலில் இருக்கும் அங்குலம் அல்ல. அந்தச் சிலையின் உயரத்தை 124ஆகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. 62 செ.மீ. உயர நின்ற திருமேனியில் ஓர் அங்குலம் 5 மி.மீ. அதை எட்டாகப் பகுத்தால் ஒரு யவம், ஏறத்தாழ 0.6 மி.மீ. உதட்டின் தடிமன், இமையின் அகலம் போன்றவை யவக் கணக்கில் வரும். சாணளவு சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் ஒரே ஓலைக் கணக்கு போதும் என்பது இதன் வசதி. ஆனால் எல்லா ஸ்தபதிகளும் ஒரே அளவை வைத்துக்கொண்டும் ஒரே மாதிரி சிலை வருவதில்லை. இடுப்பு எவ்வளவு ஒடிய வேண்டும், கன்னம் எவ்வளவு நிறைய வேண்டும் என்பதை ஓலை சொல்லாது. அது கையிலிருந்து கைக்குத்தான் வருகிறது.

அடுத்து மெழுகு. தேன்மெழுகையும் குங்கிலியம் என்ற மரப்பிசினையும் ஏறக்குறைய சம அளவில் உருக்கி, கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்ப்பார்கள். குங்கிலியம் விறைப்பைத் தரும். எண்ணெய் வளைந்து கொடுக்க வைக்கும். சித்திரை வெயிலில் குங்கிலியத்தைக் கூட்டாவிட்டால் செதுக்கிய விரல் மறுநாள் தொங்கிப்போகும். மார்கழியில் எண்ணெய் குறைந்தால் மெழுகு நொறுங்கும். இப்போது தேன்மெழுகின் விலை காரணமாகப் பாரஃபின் மெழுகும் கலக்கிறார்கள். தலை, உடல், கைகால் என்று தனித்தனியாகப் பிடித்து, சூடான இரும்புக் கோலால் ஒட்டி, பிறகு நகைகளுக்கு மெழுகை நூலாகத் திரித்து வைப்பார்கள். நீட்டிய கைகளுக்கும் உடலுக்கும் நடுவே மெழுகுக் குச்சிகள் ஒட்டப்படும். அவை கை தொய்யாமல் தாங்கும். பின்னால் உலோகம் ஓடும் வாய்க்காலாகவும் ஆகும். நடராசருக்கு இது உயிர்நாடி. மொத்த எடையும் வலது கணுக்காலில் நிற்கிறது, இடது கால் தூக்கியிருக்கிறது, வீசிய கை குறுக்கே போகிறது. உலோகம் அந்த ஒல்லியான கணுக்கால் வழியாக மட்டும் ஏற வேண்டியிருந்தால் பாதி வழியிலேயே உறைந்துவிடும்.

மெழுகு உருவத்தின் மேல் மண் பூசுவதுதான் காவிரிக் கரைக்கே உரிய பலம். வண்டல் மண்ணோடு உமிக்கரியை மைபோல் அரைத்து, முதல் பூச்சை மெல்லியதாக, இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குப் பூசுவார்கள். மெழுகில் நகத்தால் கீறிய கோடுகூட இந்தப் பூச்சில் பதிந்துவிடும். உமிக்கரி எரிந்து நுண்ணிய துளைகளை விட்டுச் செல்வதால் வாயு வெளியேற வழி கிடைக்கிறது. அது காய்ந்த பிறகு வயல்மண்ணும் மணலும் கலந்த இரண்டாம் பூச்சு, பிறகு கரடுமுரடான மூன்றாம் பூச்சு, பெரிய சிலையென்றால் இரும்புக் கம்பிக் கட்டு. காயவைப்பது நிழலில் மட்டுமே. வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகி உப்ப, மண் வெடிக்கும். அந்த வெடிப்பில் உலோகம் நுழைந்து சிலையின் மேல் தகடுபோல் துருத்தி நிற்கும். பிறகு ராவித்தான் எடுக்க வேண்டும்.

காய்ந்த அச்சை வறட்டித் தீயில் சுட்டால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். வார்ப்புக்கு எவ்வளவு உலோகம் வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்த கணக்கு: மெழுகின் எடையைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு. நான்கு கிலோ மெழுகென்றால் நாற்பது கிலோ உலோகம் கையில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் பாதியில் நிறுத்தி மறுபடி ஊற்ற முடியாது. அச்சைக் குழியில் வாய் மேலே இருக்கும்படி புதைத்து, அது சூடாக இருக்கும்போதே மூசையிலிருந்து, அதாவது உலோகம் உருக்கும் கலத்திலிருந்து, மெல்லிய ஒழுக்காக, இடைவிடாமல் ஊற்றுவார்கள். ஒழுக்கு அறுந்தால் சிலையின் குறுக்கே கோடு விழும். அச்சு ஆறிப்போயிருந்தால் விரல் நுனிகள் நிரம்பாது. அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் நீராவி வெடித்து உலோகத்தையே வெளியே எறியும். ஆளுக்கு ஆபத்து இந்த இடத்தில்தான். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் சிலை. அச்சு ஒன்றுக்கு ஒரு சிலைதான். வார்ப்பு பிசகினால் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். அதன் பிறகு வாரக்கணக்கில் அரமும் உளியும், புளியும் பூந்திக்கொட்டையும் கொண்டு துலக்கல்.

சரி, இது ஆயிரம் ஆண்டாக மாறாத முறையா? எலும்புக்கூடு மாறவில்லை. ஆனால் உலோகத்தைப் பாருங்கள். சோழர் காலத் திருமேனிகளை ஆய்வகத்தில் பகுத்துப் பார்த்தபோது பெரும்பாலும் செம்பு, வெள்ளீயம், ஈயம் கலந்த வெண்கலமே தெரிந்தது. இன்று சுவாமிமலையில் செம்போடு சேர்வது பெரும்பாலும் பித்தளையும் கொஞ்சம் ஈயமும். அதாவது வெள்ளீயம் இருந்த இடத்தில் துத்தநாகம். ஈயம் இரண்டிலும் ஒரே காரணத்துக்காக வருகிறது: உருகிய உலோகம் மூலைமுடுக்கெல்லாம் ஓடிப் பாயும். நிறம் வேறு, உளிக்கு இசையும் தன்மை வேறு. "ஐம்பொன்" என்ற சொல்லில் இருக்கும் தங்கமும் வெள்ளியும் சடங்குக்குரிய சிட்டிகைதான்; சிலை கேட்பவர் கொடுக்கும் ஒரு மோதிரமோ காசோ மூசையில் விழும். ஐம்பொன் சிலையில் கிலோ கணக்கில் தங்கம் இருக்கிறது என்ற நம்பிக்கை எத்தனையோ கிராமக் கோயில் பூட்டுகளை உடைக்க வைத்திருக்கிறது. அதை உருக்கிப் பார்த்தவனுக்குச் செம்பும் ஈயமும்தான் கிடைத்திருக்கும்.

இனி அதற்கு நடக்கும் காரியங்கள். கருவறை மூலவர் பெரும்பாலும் கல்; அசையமாட்டார். நடக்க முடியாதவர்கள், நுழைய விடப்படாதவர்கள் உட்பட ஊராருக்கெல்லாம் தரிசனம் தர வெளியே வருவதற்காகவே உற்சவர் வேண்டியிருந்தது, அதற்காகவே உலோகம் வேண்டியிருந்தது. கல்லில் செய்த நடராசரைத் தோளில் தூக்கி நான்கு வீதி சுற்றினால் வீசிய கை நிலைக்காது. அருங்காட்சியகத்தில் ஒரு சோழர் சிலைக்கு முன் நின்றால் முகத்தைப் பார்க்கும் முன் பீடத்தைப் பாருங்கள். நான்கு மூலையில் வளையமோ பக்கவாட்டில் துளைகளோ இருக்கும். தோளில் தூக்கும் கழிகளான வாரைகளைச் செருகிக் கட்டிய இடம் அது. பீடத்தின் மேற்பரப்பில் இரு பக்கமும் சிறிய முளைகள் தெரிந்தால், சிலையைச் சூழும் வளைவான திருவாசி நின்ற இடம். மூக்கும் கன்னமும் வழுவழுவென்று தேய்ந்து, இமைக் கோடு மட்டும் கூர்மையாக இருந்தால், தலைமுறை தலைமுறையாகத் திருமஞ்சனம் கண்ட மேனி, கண் மட்டும் பின்னாளில் மறுபடி தீட்டப்பட்டது என்று ஊகிக்கலாம்.

இந்தச் சிலைகளைச் செய்வித்தவர்கள் அவற்றைப் பெரும்பாலும் நாம் பார்ப்பதுபோல் பார்க்கவே இல்லை. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் 66 உலோகத் திருமேனிகளைப் பட்டியலிடுகின்றன. எத்தனை முழம் எத்தனை விரல் உயரம், எத்தனை திருக்கை, உள்ளே பொள்ளலின்றிக் கனமாக வார்த்ததா என்பது வரை எழுதி, கூடவே அந்தந்தத் திருமேனிக்குக் கொடுத்த பொன், முத்து, மணி நகைகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை நகைகளோடு சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும்: பட்டு, மாலை, மாணிக்கம் எல்லாவற்றுக்கும் நடுவே முகமும் கைகளும் பாதமும் மட்டும் தெரியும் ஓர் உருவம். நாம் வியக்கும் அந்த முதுகின் வளைவையும் இடையின் ஒடிவையும் கண்டவர்கள் வார்த்த ஸ்தபதியும் திருமஞ்சனம் செய்த குருக்களும்தான் என்று சொன்னால் பெரிய தவறில்லை. ஆனாலும் முதுகுப்புறம் கடைசி முடிச்சு வரை செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த 66இல் இன்று கோயிலில் எஞ்சியவை மிகச் சிலவே.

நடராசர் என்ற உருவம் என்ன சொல்கிறது என்பதற்கும் ஒரே விடை எக்காலத்திலும் இருந்ததில்லை. காரைக்கால் அம்மையார் பாடிய ஆட்டம் திருவாலங்காட்டுச் சுடுகாட்டில், பேய்கள் சூழ நடப்பது. அச்சம்தான் அதன் முதல் சுவை. 7ஆம் நூற்றாண்டில் அப்பர் தில்லையில், அதாவது சிதம்பரத்தில், கண்டது குமிண் சிரிப்பும் எடுத்த பொற்பாதமும். அதைக் காண்பதற்காகவே மனிதப் பிறவி வேண்டும் என்றார். 10ஆம் நூற்றாண்டில் கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவி கட்டுவித்த கோயில்களில் நடராசருக்கு நிலையான இடம் கிடைத்தது. உலோகத்தில் இந்த வடிவம் சோழ நாடெங்கும் பரவியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். தில்லை சோழர் குலத்துக்கு நெருக்கமான கோயில் என்பதால், அன்றைய ஊராருக்கு இந்த உருவம் அரச குலத்தின் அடையாளமாகவும் தெரிந்திருக்கலாம் என்று கலை வரலாற்றாளர் பத்மா கைமல் 1999இல் வாதிட்டார். எனக்கு அந்த வாதம் ஏற்புடையது.

நாம் பள்ளியிலும் மேடையிலும் கேட்கும் விளக்கம் அதற்குப் பிந்தியது. துடி படைப்பு, அமைத்த கை காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய பாதம் அருள் என்ற ஐந்தொழில் கணக்கை இவ்வளவு தெளிவாக அடுக்கிச் சொல்வது மனவாசகம் கடந்தார் எழுதிய உண்மை விளக்கம். 13ஆம் நூற்றாண்டு சைவ சித்தாந்த நூல். செம்பியன் மாதேவிக்குச் சுமார் முந்நூறு ஆண்டுகள் பின்னால். கொழும்பில் பிறந்த கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி அந்த நூலை ஆதாரமாக எடுத்து நடராசர் தாண்டவத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை, 1918இல் வந்த அவருடைய தொகுப்பின் வழியாக உலகம் முழுக்கப் போனது. அதிலிருந்து நடராசர் "பிரபஞ்ச நடனம்" ஆனார். 1970களில் அணுத்துகள்களின் இயக்கத்தோடு அந்த நடனத்தை ஒப்பிடும் எழுத்து வந்தது. 2004 ஜூன் 18 அன்று ஜெனீவாவில் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில் இந்திய அரசு பரிசளித்த 2 மீட்டர் நடராசர் திறக்கப்பட்டது. சுடுகாட்டிலிருந்து துகள் இயற்பியல் வரை ஒரே சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் யாரோ ஒருவர் முந்தைய கண்ணியைப் படித்துத் தன் காலத்துக்குத் தேவையானதை எடுத்திருக்கிறார். அதனால் இதைத் திரிபு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஐந்தொழில் விளக்கத்தைச் சோழ ஸ்தபதியின் மனத்திலேயே இருந்ததாகச் சொல்லும்போது வரலாறு பிசகுகிறது. பரதநாட்டிய மேடை ஓரத்தில் நடராசரை வைத்துக் கும்பிட்டு ஆடத் தொடங்குவதும் இப்படித்தான். தொன்மையானது போலத் தோன்றும், ஆனால் 20ஆம் நூற்றாண்டு வழக்கம்.

இடையில் புதைவு என்று ஒரு காலம் இருக்கிறது, அதை மறக்கக் கூடாது. 1311இல் மாலிக் கபூர் படையெடுப்பு, பிறகு வந்த போர்கள், ஒவ்வொரு முறையும் திருமேனிகளைக் குழியில் மணலிட்டு இறக்கினார்கள். குழி தெரிந்தவர்கள் இறந்துபோனார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஏர் ஓட்டும்போதும் அடித்தளம் தோண்டும்போதும் அவை வெளியே வந்தன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்தது அரசின் கவனத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து பல சிலைகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் 1951இல் தொடங்கிய தஞ்சைக் கலைக்கூடத்துக்கும் போயின. பூசை மேனியாகக் குழியில் இறங்கியது, கலைப்பொருளாக ஏறியது.

தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு இடபவாகனரை, காளையின் மேல் சாய்ந்து நிற்கும் சிவனை, கிட்டத்தில் பாருங்கள். கல்வெட்டால் காலம் தெரிந்த சிலை இது: 1011. தலையில் பாம்பைச் சுற்றிய தலைப்பாகைபோல் சடை. ஒரு காலை மற்றொரு காலுக்குக் குறுக்கே வைத்து இலேசாகச் சாய்ந்து நிற்கிறார். வலது கை மடங்கி எதன் மீதோ ஊன்றியிருக்கிறது. ஊன்றிய இடத்தில் ஒன்றும் இல்லை. அங்கே நின்ற இடபம் தனியாக வார்க்கப்பட்டது, கிடைக்கவில்லை. 1012இல் சேர்க்கப்பட்ட தேவி பக்கத்தில். நகையில்லை, பட்டில்லை, மாலையில்லை. சோழர் கலையின் உச்சம் என்று நூல்கள் கொண்டாடுவது இந்த ஒன்றுமில்லாத நிலையைத்தான். வெற்றிடத்தில் ஊன்றிய அந்தக் கையின் எளிமை நமக்குப் பெரிய அழகாகப் படுகிறது. செய்வித்தவர்களுக்கு அது குறை. இரண்டு உணர்வுமே உண்மையானவை. ஒரே செம்பு இரண்டையும் தாங்குகிறது.

பொருள் மாறினால் பராமரிப்பும் தலைகீழாகும். கோயிலில் பச்சை பூத்தால் அலட்சியம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பது தொண்டு. விரல் ஒடிந்தால் பின்னம். சீர்செய்யும் வரை பூசையிலிருந்து ஒதுங்க வேண்டும், சில நேரம் உருக்கி மறுவார்ப்பு. அருங்காட்சியகத்தில் அதே பச்சைப் படலம் உலோகத்தைக் காக்கும் தோல்; தேய்த்தவர் வேலை இழப்பார். ஒடிந்த விரல் சிலையின் வயதுக்குச் சான்று. அங்கே அஞ்சப்படும் நோய் வேறொன்று. புதைந்திருந்த மண்ணின் உப்பிலிருந்து வந்த குளோரைடு உள்ளே தங்கி, ஈரக்காற்று பட்டதும் வெளிர்பச்சைத் தூளாகக் கொட்டி உலோகத்தை அரிக்கும். எழும்பூரில் 1930களில் வேதியியலாளர் எஸ். பரமசிவன் தலைமையில் இயங்கிய ஆய்வகம் இந்தச் சிலைகளுக்கு மின்பகுப்பு முறையில் சிகிச்சை செய்தது. வீட்டில் பழைய உற்சவர் இருந்தால் ஒன்று சொல்வேன். கெட்டியான கரும்பச்சையைச் சுரண்டாதீர்கள். தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சை தெரிந்தால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, உலர்வாக வைத்து, அருங்காட்சியகத்தின் வேதியியல் பிரிவைக் கேளுங்கள்.

இன்னொரு மாற்றம் நீதிமன்றத்தில் நடந்தது. பத்தூர் நடராசர் 1976இல் கிராமத்தில் தோண்டும்போது கிடைத்து, கைமாறி லண்டனுக்குப் போய், 1982இல் அங்கே போலீசாரால் கைப்பற்றப்பட்டது. வாங்கிய நிறுவனம் தனக்கே சொந்தம் என்று வழக்காடியது. எதிர்த்தரப்பில் இந்திய அரசோடு, பாழடைந்த பத்தூர்க் கோயிலும் உரிமை கோரியது. ஆங்கிலேய நீதிமன்றம், கோயிலுக்குச் சட்டப்படி வழக்காடும் நிலை உண்டு என்று ஏற்றது; கரையான் தடமும் மண்ணும் அந்தக் குழியோடு பொருந்துகின்றனவா என்பதைக்கூட நிபுணர்கள் அலசினார்கள். 1991இல் நடராசர் திரும்பினார். லண்டன் சந்தையில் விலையிட்ட பொருள், தன் வீட்டுக்குப் போக உரிமையுள்ள ஆளாக நின்றது. பூசையே நின்றுபோன கோயில், அந்தத் தெய்வத்தால் மறுபடி சட்டத்தின் கண்ணில் உயிர் பெற்றது.

இன்று வார்க்கும் கைக்கு வருகிறேன். ஒரே பட்டறைக்கு இரண்டு ஆர்டர் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கிராமக் கோயிலுக்கு உற்சவர். அதற்கு உயரத்தை ஸ்தபதி தன் விருப்பத்துக்கு வைக்க முடியாது. ஊரின், செய்விப்பவரின் நட்சத்திரத்தோடு ஆயாதிக் கணக்கு (அளவு நல்லதா என்று பார்க்கும் கணக்கு) பொருந்த வேண்டும், ஓலை அதற்கேற்ப நறுக்கப்படும். கனமாக வார்க்க வேண்டும். பீடத்தில் வாரைக்கு வளையம் வேண்டும். நகை தனியே சாத்துவார்கள் என்பதால் செதுக்கிய நகையை மிதமாக வைப்பார்கள். தாங்குபவர்களின் தோளுக்கேற்ற எடையும் வேண்டும். கடைசியில் நல்ல நேரம் பார்த்து, பொன் ஊசியாலோ உளியாலோ கண் திறப்பார்கள். அதுவரை அது செம்பு. இரண்டாவது ஆர்டர் ஓட்டல் முகப்புக்கு. உயரம் மூன்றடி, ஐந்தடி என்று முழு எண். தூக்கப் போவதில்லை, வளையம் வேண்டாம். எடை குறைக்கப் பொள்ளலாக வார்க்கலாம். யாரும் நகை சாத்தப் போவதில்லை, எனவே நகை முழுவதையும் உலோகத்திலேயே நுணுக்கமாகச் செதுக்கக் கேட்பார்கள். மேலே அமிலம் தடவி "பழைய" பச்சை ஏற்றச் சொல்வார்கள். கண்ணைச் சடங்கில்லாமல் உளி போகிற போக்கில் திறந்துவிடும். செய்முறை ஒன்றுதான், ஆனால் அளவிலிருந்து முடிப்பு வரை இரண்டு சிலையும் வேறு. கூர்ந்து பார்த்தால் எந்த வாழ்க்கைக்குச் செய்தது என்று சிலையே சொல்லிவிடும்.

2023இல் ஜி20 மாநாட்டுக்காக டில்லி பாரத் மண்டபத்தின் முன் நின்ற 27 அடி, 18 டன் நடராசரும் சுவாமிமலையில் மெழுகு முறையில் வார்த்ததுதான்; இராதாகிருஷ்ணன் ஸ்தபதியும் குழுவினரும் ஏழு மாதத்தில் முடித்தார்கள். ஊர்வலத்துக்கென்று பிறந்த வடிவம் அசையாமல் நிற்கும் நினைவுச்சின்னமாகிவிட்டது. சோழப் பேரரசில் தேவைப்படாத அளவு இது, இன்றைய அரசுக்குத் தேவைப்படுகிறது. இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. பெரிய ஆர்டரும் ஷோரூம் ஆர்டரும் பட்டறைக்குச் சோறு போடுகின்றன, அது நல்லது. ஆனால் கோயில் ஆர்டர் குறைந்தால் முதலில் மறைவது ஆயாதிக் கணக்கும் கண் திறப்பும். பிறகு மெழுகில் கைப்பிடித்துச் செய்வது போய் ரப்பர் அச்சு வரும். ரப்பர் அச்சில் பத்துச் சிலையும் ஒன்றுபோலவே இருக்கும். அப்போது ஸ்தபதியின் மகன் கற்றுக்கொள்ள வேண்டியது குறைந்துவிடும்.

மீட்கப்பட்ட சிலைகளின் கதை இன்னும் முடியவில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவு போன நடராசர், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் வாங்கப்பட்டு, 2014 செப்டம்பரில் இந்தியாவுக்குத் திரும்பினார். இப்படித் திரும்பும் பல திருமேனிகள் பாதுகாப்பு இல்லாத ஊர்க்கோயிலுக்குப் போகாமல், திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் வரிசையாக நிற்கின்றன. திருடனிடமிருந்து காப்பாற்றியாயிற்று, வீதி உலாவும் இல்லை, பார்வையாளரும் இல்லை. கோயிலும் அல்லாத, காட்சிக்கூடமும் அல்லாத இந்த நிலை சரியில்லை என்றே நினைக்கிறேன். கம்பிக்கதவும் அலாரமும் காவலாளும் கொடுத்து, திருவிழா நாட்களிலாவது ஊருக்கு அனுப்பும் ஏற்பாடு பெருக வேண்டும்.

களவுபோன சிலைகள் பல திரும்பியதற்கு முக்கியமான சான்று, 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில் கோயிலாகப் போய் எடுத்துவைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். உங்கள் ஊர்க் கோயிலில் உற்சவர் இருந்தால், நிர்வாகத்தின் அனுமதியோடு, திருமஞ்சனம் முடிந்து அலங்காரம் செய்யும் முன் நான்கு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். முதுகுப்புறமும் பீடத்தின் அடிப்பகுதியும் கட்டாயம். உயரம், பீடத்தின் நீள அகலம், எடை, துளைகளின் எண்ணிக்கை, ஒடிந்த இடங்கள், பீடத்தில் எழுத்து பொறித்திருந்தால் அதன் நெருக்கப் படம், எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, ஒரு படி கோயிலிலும் ஒரு படி அறநிலையத் துறையிடமும் இருக்கட்டும். அலங்காரத்தோடு எடுத்த படம் வழிபாட்டுக்கு நல்லது. சிலையை அடையாளம் காட்ட அது பெரும்பாலும் உதவாது.